கூட்டத்துக்கும் மூளை உண்டு

தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டைக்குப் போகிறவர் முதலில் கேட்பது மைக் சத்தத்தைத்தான். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணையில் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாள் அது. சுற்றுவட்டாரத்துச் சாமிகளும் டிராக்டரிலும் மினி லாரியிலும் ஏறி ஆற்றுக்கு வந்து சேர்கின்றன. மணலில் சாக்கு விரித்துச் சுருளிக் கிழங்கைக் குவித்திருப்பார்கள். இந்த ஆற்றுத் திருவிழாக்களை விட்டால் வேறெங்கும் அவ்வளவாகக் கண்ணில் படாத கிழங்கு அது. பக்கத்தில் கரும்புக் கட்டு, மண்சட்டி, பலூன், ராட்டினம். இத்தனைக்கும் மேலே அந்த மைக் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்: பச்சைச் சட்டை போட்ட பையன் அழுதுகொண்டு நிற்கிறான், பெற்றோர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.

அந்தப் பையனை மேடைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் யார்? பெரும்பாலும் முன்பின் தெரியாத ஒருவர். அழுகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து, கையில் ஒரு பொரி உருண்டையைக் கொடுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடப்பார். யாரும் அவரைச் சந்தேகமாகப் பார்ப்பதில்லை. நகர்ந்து வழிவிடுகிறார்கள்.

இதே வட்டாரத்தில், திருவண்ணாமலையைத் தாண்டிப் போளூர் அருகே அத்திமூரில், 2018 மே மாதம் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து காரில் ஒரு குடும்பம் வந்தது. அதிலிருந்த அறுபதைக் கடந்த பெண் ஒருவர், வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வடக்கிலிருந்து வந்து இறங்கிவிட்டதாக அந்த வாரங்களில் வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. காரில் வந்தவர்களை மறித்து அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

அங்கே பொரி உருண்டை, இங்கே சாக்லேட். இரண்டு இடத்திலும் கூடியவர்கள் ஒரே மாதிரியான கிராமத்து மனிதர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். குழந்தைகள் மேல் இருக்கும் அக்கறையும் ஒன்றேதான். ஓரிடத்தில் அந்த அக்கறை அந்நியருக்கு வழிவிட்டது, இன்னோரிடத்தில் அந்நியரை அடித்துக் கொன்றது.

இதற்கு நம்மிடம் ஒரு தயார் பதில் இருக்கிறது: கூட்டத்துக்கு மூளை கிடையாது. டீக்கடையில் தொடங்கி காவல்துறை அறிக்கை வரைக்கும் இதே பாட்டுதான். இதை எழுத்தில் கொண்டுவந்து புகழ் தேடிக்கொண்டவர் பிரான்ஸ் நாட்டின் குஸ்தாவ் லெ போன். கூட்டத்தின் உளவியல் பற்றி 1895இல் வெளிவந்த அவருடைய நூல், கூட்டத்தில் சேர்ந்த மாத்திரத்தில் மனிதன் நாகரிகப் படியிலிருந்து சறுக்கிவிடுகிறான் என்றது. 1871இல் பாரிஸில் தொழிலாளர்கள் நகரத்தையே கைப்பற்றியதைப் பார்த்து மிரண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்த மிரட்சிதான் அறிவியல் வேடம் போட்டுக்கொண்டது. ஆள்பவர்களுக்கு மிகவும் வசதியான கருத்து என்பதால் நூறு வருஷத்துக்கு மேல் செல்லுபடியானது.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் ஸ்டீபன் ரெய்ச்சர். 1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் பெரிய கலவரம் மூண்டது. போலீஸ் வாகனங்கள் எரிந்தன, வங்கி தாக்கப்பட்டது. ரெய்ச்சர் அங்கிருந்தவர்களிடம் விசாரித்துக் கலவரத்தை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தபோது, வெறி பிடித்த கும்பல் என்ற சித்திரம் கலைந்துபோனது. கல் வீச்சுக்கு இலக்கு போலீஸ்தான், அந்தப் பகுதி மக்களின் வீடுகள் அல்ல. கலவரத்தின் நடுவிலேயே சிலர் நடுரோட்டில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவன் தன்னை இழப்பதில்லை என்று ரெய்ச்சர் சொன்னார். ‘நான்’ என்பது சற்று ஒதுங்கிக்கொள்ள, அந்த இடத்தில் ‘நாம்’ வந்து உட்காருகிறது. அந்த ‘நாம்’ யார், அதற்கு எது சரி, எது தப்பு என்பதை வைத்துத்தான் கூட்டம் நடந்துகொள்கிறது.

தமிழ் வாசகருக்கு இதற்கு பிரிஸ்டல் வரை போக வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்களை நினைத்துப் பார்த்தால் போதும். ஏறக்குறைய ஒரு வாரம், இரவும் பகலும், தலைவர் என்று ஒருவர் இல்லாமல் பெருங்கூட்டம். அவர்களே குப்பை அள்ளினார்கள், ஆம்புலன்ஸுக்கு வழி விட்டார்கள். பெண்கள் நள்ளிரவிலும் மணலில் பயமின்றி உட்கார்ந்திருந்தார்கள். ஜனவரி 23ஆம் தேதி விடிகாலையில் கலைக்கும் நடவடிக்கை தொடங்கிய பிறகுதான் நகரில் கல்லும் தீயும் தடியும் வந்தன. ஆறு நாள் இருந்த மூளை ஏழாவது நாள் எங்கே போய்விடும்? எதிரே நிற்கிறவர் தங்களை எப்படி நடத்துகிறார் என்பது மாறியது.

மணலூர்பேட்டையில் தீர்த்தவாரி நடக்கும் அதே குளிர்காலத்தில்தான் பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) மாக மேளா நடக்கிறது. ஒரு மாதம் கங்கைக் கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, கடுங்குளிரில் விடியுமுன் ஆற்றில் முங்குகிறவர்களுக்குக் கல்பவாசிகள் என்று பெயர். அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நாராயணன் சீனிவாசன் போன்றவர்களும் ரெய்ச்சர், நிக் ஹாப்கின்ஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் சேர்ந்து இவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கல்பவாசிகளையும், மேளாவுக்குப் போகாத அதே மாதிரியான கிராமத்தவர்களையும் மேளாவுக்கு முன்னும் பின்னும் விசாரித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். குளிர், நெரிசல், ஓயாத இரைச்சல், சுத்தக் குறைவு என்று மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் எல்லாம் இருந்தும், போய்வந்தவர்கள் போகாதவர்களைவிட நலமாக உணர்ந்தார்கள்.

இன்னொரு சோதனை இதைவிடச் சுவையானது. ஒரே இரைச்சலைப் பதிவுசெய்து போட்டுக் காட்டினார்கள். சிலரிடம் இது மேளாச் சத்தம் என்றும் மற்றவர்களிடம் இது நகரத்துச் சாலைச் சத்தம் என்றும் சொன்னார்கள். மேளா என்று நம்பியவர்களுக்கு அது இதமாக இருந்தது, அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாலை என்று நம்பியவர்களுக்கு எரிச்சல். காதில் விழுந்தது ஒரே ஒலி. ‘இது நம்முடையது’ என்ற எண்ணம்தான் அதைச் சங்கீதமாகவும் தொல்லையாகவும் மாற்றியது. மணலூர்பேட்டை ராட்டினச் சத்தத்தில் அசந்து தூங்கும் குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியம் தராது.

தீமிதி இல்லாத திரௌபதி அம்மன் திருவிழாவை நம் பக்கம் நினைக்க முடியாது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரிலும் தீமிதிக்கிறார்கள். மிதிக்கிறவர்களின் உடம்பிலும் பார்க்கிறவர்களின் உடம்பிலும் இதயத் துடிப்பு அளக்கும் கருவியைக் கட்டி 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கங்கில் நடந்தவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதத்திலேயே, ஓரத்தில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு அப்படி ஆகவில்லை. மகன் பூ மிதிக்கும்போது தாய்க்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று நாம் சொல்வதைக் கருவி வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டது.

அதே ஆய்வாளர்களில் ஒருவரான திமித்ரிஸ் சிகலாதாஸ் அடுத்துப் போனது மொரீசியஸ் தமிழர்களிடம். தைப்பூசக் காவடி. உடம்பெல்லாம் வேல் குத்திக்கொண்டு வெயிலில் நடந்து மலைக்கோயில் ஏறுகிறவர்கள், அவர்களுடன் துணைக்கு நடப்பவர்கள், வேறொரு நாளில் அமைதியாகக் கூட்டுப் பிரார்த்தனை செய்பவர்கள் என்று மூன்று வகையினர். கேள்விகளுக்குப் பதில் சொன்னதற்குக் கூலியாக ஒவ்வொருவருக்கும் 200 மொரீசியஸ் ரூபாய் கொடுத்து, வெளியே போகும்போது யாரும் பார்க்காத இடத்தில் கோயிலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்றார்கள். பிரார்த்தனைக்காரர்கள் சராசரியாக எண்பது ரூபாய் அளவில் போட்டார்கள். காவடிக்காரர்கள் 130 ரூபாய் அளவில். துணைக்கு நடந்தவர்கள் அதைவிடவும் அதிகம். வேல் குத்திக்கொண்டது ஒருவர், மனம் இளகியது இன்னொருவர்!

‘நாம்’ என்ற இந்த எண்ணம் மூளையில் தடம் பதிக்கிறது. 2010இல் கால்பந்து ரசிகர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, இன்னொருவருக்கு வலி கொடுப்பதைக் காட்டினார்கள். வலிப்பவர் தன் அணியின் ரசிகர் என்றால், நமக்கே வலிக்கும்போது விழிக்கும் இன்சுலா என்ற மூளைப் பகுதி பார்ப்பவருக்கும் விழித்தது. எதிரணிக்காரர் என்றால் அந்த விழிப்பு மங்கியது. போதாக்குறைக்கு, இன்பத்தோடு தொடர்புடைய பகுதி சிலரிடம் மினுக்கியது. படித்தால் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டு ‘மனுஷப் புத்தி இவ்வளவுதான்’ என்று எழுந்து போகிறவர்கள் பாதிக் கதையைத்தான் கேட்டவர்கள். 2005இல் வெளிவந்த மார்க் லெவைனின் சோதனை மீதிக் கதை. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நடந்துபோகும் வழியில் ஒருவர் தடுக்கி விழுந்து வலியால் துடிப்பதுபோல நடித்தார். மான்செஸ்டர் சட்டை போட்டிருந்தால் ஓடிப்போய்த் தூக்கினார்கள். லிவர்பூல் சட்டை என்றால் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. பிறகு வேறு சில மான்செஸ்டர் ரசிகர்களிடம், ‘கால்பந்தை நேசிப்பவர்’ என்ற முறையில் சில கேள்விகளைக் கேட்டுவிட்டு அதே வழியில் அனுப்பினார்கள். இந்த முறை லிவர்பூல் சட்டைக்காரரையும் தூக்கிவிட்டார்கள். சில நிமிஷக் கேள்விகளில் ‘நாம்’ அகலமாகிவிட்டது.

அப்படியென்றால் அதைச் சில நிமிஷத்தில் குறுக்கவும் முடியும். அந்த வேலையைச் செய்வது வதந்தி.

வதந்தி பற்றிய உளவியலுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஓர் இந்தியர் இருக்கிறார் என்பது நம் பாடப்புத்தகங்களில் வராத செய்தி. 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரைப் பூகம்பம் உலுக்கியது. அதன் பின் மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் திரட்டி, அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளியிட்டார். நிலம் ஆடியதை உணர்ந்தும் பெரிதாக எதையும் இழக்காத ஊர்களில், இன்னும் பெரிய பூகம்பம் வரப்போகிறது, வெள்ளம் வரப்போகிறது, பிரளயம் வரப்போகிறது என்று பேச்சு. 1950இல் டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பின் அழிவை நேரிலேயே பார்த்த மக்களிடம் துர்கானந்த் சின்ஹா விசாரித்தபோது, அப்படிப்பட்ட மிகையான வதந்தி அவரிடம் சிக்கவில்லை. அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கருக்கு இந்தப் புதிர் தூக்கத்தைக் கெடுத்தது. தப்பித்தவன் ஏன் தன்னையே இன்னும் பயமுறுத்திக்கொள்கிறான்? ஏற்கெனவே உள்ளே பயம் இருக்கிறது, அதற்கு ஒரு காரணம் வேண்டும், வதந்தி அந்தக் காரணத்தைக் கொடுக்கிறது என்று அவர் விடை கண்டார். 1957இல் வெளிவந்து உளவியலையே புரட்டிப்போட்ட அவருடைய மன முரண் கோட்பாட்டுக்கு ஒரு விதை இந்தப் பீகார் பூகம்பம்.

கனியாமூருக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் அருகே உள்ள அந்த ஊரின் தனியார் பள்ளி விடுதியில் 2022 ஜூலை 13ஆம் தேதி ஒரு மாணவி இறந்துகிடந்தார். பெற்றோரிடம் கேள்விகள் இருந்தன. மாவட்டமே கொதித்தது. பெண் பிள்ளை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பயமும் கோபமும். அந்தப் பயத்துக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்ட நான்கு நாளில், நம்பும்படி யாரும் பேசாத இடத்தில், வாட்ஸ்அப் குழுக்களும் யூடியூப் சேனல்களும் புகுந்து ஆளுக்கொரு கதை சொன்னார்கள். 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பள்ளி சூறையாடப்பட்டது. பேருந்துகள் வரிசையாக எரிந்தன, டிராக்டரால் பேருந்தை மோதி நொறுக்கினார்கள், மாணவர்களின் சான்றிதழ்கள் சாம்பலாயின, போலீஸார் காயமடைந்தார்கள். முந்நூறு பேர் அளவில் கைதானார்கள். உயர் நீதிமன்றம் மறுநாள் மறு உடற்கூராய்வுக்கு உத்தரவிட்டது. அது ஒரு நாள் முந்தி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும்.

பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. பள்ளியிலிருந்து எடுத்துப்போன மேசை, நாற்காலி, மின்விசிறிகளைத் திருப்பி ஒப்படைக்கும்படி சுற்றுக் கிராமங்களில் தண்டோரா போட்டார்கள். பலர் பொருள்களை ராத்திரியோடு ராத்திரியாகச் சாலையோரம் கொண்டுவந்து போட்டார்கள். வழக்குக்குப் பயந்துதான், சந்தேகமில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ‘நீதிக்காகப் போராடும் நாம்’ என்று நினைத்துக்கொண்டு நாற்காலியைத் தூக்கியவர், வீட்டுத் திண்ணையில் அதைத் தனியாகப் பார்த்தபோது அது வெறும் திருட்டு நாற்காலியாகத்தான் தெரிந்திருக்கும். இதனால் அவர் குற்றம் குறைவதில்லை. மூளை இருந்தது என்று சொல்வதால் பொறுப்பு கூடவே செய்கிறது. பொறுப்பு அவரோடு முடிந்துவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டே வருஷத்தில், 2024 ஜூனில், அதே மாவட்டத் தலைநகரில் கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முதல் சாவுகள் விழுந்த அன்று, காரணம் சாராயம் இல்லை என்று அதிகாரத் தரப்பிலிருந்து மறுப்பு வந்ததும், அதனால் பலர் மருத்துவமனைக்குப் போகத் தாமதித்தார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போதே பேசப்பட்டவை. பதற்றம் வரக்கூடாது என்று உண்மையை ஒத்திப்போடுவது நம் நிர்வாகத்தின் கை ரேகை மாதிரி ஆகிவிட்டது. அதற்கு அடியில் ஒளிந்திருப்பது லெ போனின் பழைய கணக்குதான்: ஜனங்களுக்கு மூளையில்லை, சொன்னால் தாங்க மாட்டார்கள்.

நெரிசல் சாவுகளிலும் இதே கணக்கு. 1992 கும்பகோணம் மகாமகத்தில் ஐம்பது பேர் அளவில் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27ஆம் தேதி கரூர் அரசியல் கூட்டத்தில் 41 பேர். ஒவ்வொரு முறையும் ‘கட்டுக்கடங்காத கூட்டம்’, ‘பீதியில் முண்டியடித்தனர்’ என்ற வார்த்தைகள் தானாக வந்து விழுகின்றன. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நின்றால் யாருக்கும் தன் காலால் நகரும் சுதந்திரம் இருக்காது. கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கத் தொடங்கும். ஸ்பெயினின் பாம்ப்லோனா திருவிழாக் கூட்டத்தை மேலிருந்து படமெடுத்துப் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு, யாரும் தள்ளாமலே நூற்றுக்கணக்கான பேர் 18 நொடிக்கு ஒருமுறை சேர்ந்தாற்போல் அசைவதைக் காட்டியது. பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில் மிதிபட்டு இறப்பவர்களைவிட, நெஞ்சு விரிய இடமில்லாமல் நின்றபடியே மூச்சுத் திணறிச் சாகிறவர்கள் அதிகம். முன்வரிசையில் ஆள் செத்துக்கொண்டிருப்பது பின்வரிசைக்குத் தெரியாது. தெரிந்தால் நிற்பார்கள். இதில் பைத்தியம் எங்கே இருக்கிறது? அகலம் குறைந்த வழி இருக்கிறது, மணிக்கணக்கான தாமதம் இருக்கிறது, பின்னால் நிற்பவருக்கு எதுவும் சொல்லாத ஏற்பாடு இருக்கிறது.

கூட்டத்தை எதிரியாகப் பார்க்காத காவல் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2004 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்கு முன், ரகளைக்குப் பேர்போன ஆங்கிலேய ரசிகர்கள் வரப்போகிறார்கள் என்று போர்ச்சுகல் கவலைப்பட்டது. கிளிஃபர்ட் ஸ்டாட் போன்ற உளவியலாளர்களின் யோசனைப்படி, போட்டி நடந்த நகரங்களில் கவச உடைப் போலீஸைக் கண்ணில் படாமல் நிறுத்திவிட்டு, சாதாரண உடுப்பில் இருந்தவர்களை ரசிகர்களோடு பேசவும் சிரிக்கவும் விட்டார்கள். அந்த நகரங்களில் பெரிய ரகளை எதுவும் நடக்கவில்லை. லத்தியை ஓங்கினால், சண்டைக்கு வராத நூறு பேரும் சண்டைக்கு வந்த பத்துப் பேரும் ஒரே ‘நாம்’ ஆகிவிடுவார்கள் என்பது ஸ்டாட், ரெய்ச்சர் இருவரின் பல வருஷ ஆய்வு முடிவு. நம் ஊர் பந்தோபஸ்து வகுப்புகளில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் செலவு அதிகமாகிவிடாது.

அத்திமூர் சாவு உள்படப் பல கொலைகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு போட்டது. வதந்தியின் வேகத்தை அது குறைத்தது. வதந்தி நிரப்பும் பள்ளத்தை அது மூடாது. அதை மூட வேண்டியவர்கள் வருவாய்த் துறையிலும் காவல் துறையிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இன்னும் மைக் இருக்கிறது. மணலூர்பேட்டை ஆற்றங்கரையில் தொலைந்த பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லும்போது அந்த மைக்கை எல்லோரும் நம்புகிறார்கள். காரணம், அது பொய் சொல்லிப் பழகவில்லை.

அடுத்த தை ஐந்துக்கு அதே மைக்கில் இன்னும் நாலு வரி சேர்க்கச் சொல்லி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்ளலாம். எந்தப் படித்துறையில் கூட்டம் முட்டுகிறது, எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது, சாமி வர எவ்வளவு நேரம் ஆகும், ஏன் தாமதம். ஊரில் சாவோ சந்தேகமோ எழுந்த அன்றும், தெரிந்தது இது, தெரியாதது இது, அடுத்த தகவல் இத்தனை மணிக்கு என்று அதே குரலில், பொழுது சாய்வதற்குள் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மூளை இருக்கிறது.